கல்யாணப் பதிவேட்டில் நான் பார்ட்னர்

முதல் வருஷம் முழுக்க அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்றுதான் போட்டிருந்தேன். கனடாவில் நிரந்தரமாகத் தங்க உரிமை கேட்கும் பி.ஆர். விண்ணப்பத்தில் அது ஒரு கேள்வி: வெளிநாட்டுப் பணி அனுபவம் எத்தனை ஆண்டுகள்? ராமேஸ்வரத்துக் கடற்கரையில் நின்று, அந்தப் பக்கம் இலங்கை இருப்பதாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டதுதான் எனக்கும் வெளிநாட்டுக்கும் உள்ள சம்பந்தம். அன்றைக்கும் மேகமூட்டம். யோக்கியனாகப் பூஜ்யம் போட்டேன். மார்க் பத்தாமல் நானும் என் மனைவியும் ஒரு வருஷம் வரிசையின் வாலில் நின்றோம்.

அந்த வரிசையில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மார்க்கைக் குறைப்பார்கள். என் முப்பத்து நான்காவது பிறந்தநாளுக்கு மனைவி கேக் வாங்கவில்லை. "ஏற்கனவே அவங்க வெட்டிட்டாங்க" என்றாள். அந்தக் கோபத்தில்தான் அவள் விண்ணப்பக் குறிப்புகளை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் வரி விடாமல் படிக்கிற சாதி.

"ஏங்க, வெளிநாடுன்னா அவங்களுக்கு வெளிநாடுங்க. கனடாவுக்கு வெளிய எங்க வேலை பாத்திருந்தாலும் சேத்துக்கலாம்."

"அப்ப கோரிப்பாளையம்?"

"கோரிப்பாளையமும்தான்."

ஆறு வருஷமாக நான் தினமும் பஸ் பிடித்துப் போய்வந்தது வெளிநாடு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டத்தைத் திருத்தினோம். அடுத்த இரண்டு மாதத்தில் அழைப்பு வந்துவிட்டது. முழு விண்ணப்பத்தையும் எல்லா ஆதாரத்தோடும் அறுபது நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்றார்கள். அந்த ஆறு வருஷத்தை நிரூபித்தால் போகலாம். நிரூபிக்க முடியாவிட்டால் மார்க் போகும், மார்க்கோடு அழைப்பும் போகும்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் பல் செய்கிறவன். பல் டாக்டர் இல்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்புவதைப் பார்த்துச் செராமிக்கில் பல் செய்து கொடுக்கிற டெக்னீசியன். கோரிப்பாளையத்தில், தர்காவுக்குப் பின்பக்கத்துச் சந்தில், ஒரு மாடியில் எங்கள் லேப். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று சுற்றுவட்டாரம் முழுக்க எங்கள் பல்லால்தான் கறி கடிக்கிறது. பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர் கொட்டாவி விட்டால் நான் எட்டிப் பார்ப்பேன். சில நேரம் நம்ம வேலையாக இருக்கும். ஆறு வருஷத்து அனுபவம் பூராவும் ஊர் ஜனங்களின் வாய்க்குள் பத்திரமாக இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து அனுப்ப வழியில்லை. அவர்கள் கேட்டது ஒரு கடிதம். முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம். பதவி என்ன, என்னென்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன சம்பளம். நாலே விஷயம்.

அந்த நாலில் முதல் விஷயத்திலேயே முட்டிக்கொண்டு நின்றேன். காரணம் நான்தான்.

லேப் முதலாளியை எல்லோரும் பாய் என்போம். நான் சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு டாக்டர் நான் செய்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். பல் வாய்க்குள் உட்காரவில்லை. சத்தம் போட்டார். நான் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். பாய் என் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, "டாக்டர், இவரு நம்ம பார்ட்னர். இவரே நேரா பாத்து சரிபண்ணிக் குடுத்துருவாரு" என்றார். டாக்டர் உடனே குரலை இறக்கி, "சாரி சார், கொஞ்சம் பாருங்க" என்றார். அதுவரை என்னை யாரும் சார் என்றதில்லை.

பாய்க்கு அது ஒரு நல்ல மருந்தாகத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து யார் வந்தாலும் நான் பார்ட்னர். போனில் பார்ட்னர். கடைசியில் விசிட்டிங் கார்டிலேயே அடித்துவிட்டார். சம்பளம் மாறவில்லை. லீவுக்கு அவரிடம்தான் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் லேபைப் பூட்டிச் சாவியை என்னிடம் தருவார்; பார்ட்னர் என்பதற்கு அந்தச் சாவிதான் சாட்சி. நான் மறுத்தேனா என்றால், இல்லை. அந்தக் கார்டைச் சட்டைப் பையில் எழுத்து வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தவன் நான்.

அதே கார்டோடுதான் பெண் பார்க்க ஒத்தக்கடைக்குப் போனேன். பெண்ணின் அப்பா மிஷன் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கார்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றி, "பார்ட்னர்" என்று ஆங்கிலத்தில் படித்துச் சிரித்தார். சிரித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல்வரிசை முன்பற்கள் நாலும் நான் செய்தவை. சொந்தக் கையெழுத்தை வேறொருவர் நோட்டில் பார்த்ததுபோல் இருந்தது. பெண் கேட்டுப் போன இடத்தில் "உங்கள் பல் என்னுடையது" என்று எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? கேசரியைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே பார்ட்னர் என்று அச்சானது. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. கல்யாணம் முடிந்ததும் ஆலயத்தில் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய்ப் பெரிய பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் தொழில் என்று ஒரு கட்டம். போதகர் பேனாவை எடுத்து, "மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பெண்ணின் அப்பா, அதாவது மாமா, "பார்ட்னர், டெண்டல் லேபரட்டரி" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லவே ஆரம்பித்துவிட்டார். பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் கர்த்தருடைய சந்நிதியில் உண்மையாக இருப்பேன் என்று சொல்லியிருந்தேன். மாலை கழுத்தில் அரித்தது. சொறிந்துகொண்டு சும்மா நின்றேன்.

மனைவிக்கு ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது. பாயிடம் போனில் அரைநாள் லீவுக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். வைத்ததும் கேட்டாள்: "பார்ட்னர் எதுக்குங்க லீவு கேக்கணும்?" எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பாட்ட இப்ப சொல்ல வேணாம். சபை பூராவும் சொல்லி வச்சிருக்காரு" என்றாள். அந்த 'இப்ப' என்பதை மூன்று வருஷம் இழுத்துவிட்டோம்.

இப்போது புரிந்திருக்கும். கல்யாணச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பம் போகாது. அதில் நான் பார்ட்னர். அனுபவக் கடிதத்தில் நான் டெக்னீசியன். இரண்டு காகிதம் இரண்டு விதமாகப் பேசினால், பொய்த் தகவல் என்று தள்ளிவிடுவார்கள். அதோடு ஐந்து வருஷத்துக்கு அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது. ஐந்து பிறந்தநாள் என்று மனைவி விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்.

முதலில் பாயிடம் போனேன். கனடா விஷயம் அவருக்கு ஏற்கனவே தெரியும். பிடிக்காது, ஆனால் தடுக்கவில்லை. கடிதம் வேண்டும் என்றதும், "அம்புட்டுத்தானே, நாளைக்கு வாங்கிக்க" என்றார். மறுநாள் கொடுத்தார். டிடிபி கடையில் கொடுத்து, நாலு பக்கமும் பூக்கொடி பார்டர் போட்டு, நல்ல தடித்த தாளில். நான் நற்குணம் உடையவன், பெரியவர்களை மதிப்பவன், லேபின் பார்ட்னர், எங்கள் குடும்பத்தில் ஒருவன், எங்கிருந்தாலும் வாழ்க. வேலை நேரம் இல்லை, வேலை என்ன என்பதும் இல்லை. படித்தால் யாரோ செத்துப்போனதற்கு அடித்த மாதிரி இருந்தது.

"பாய், பார்ட்னர்னு இருக்கே."

"ஆமா."

"டெக்னீசியன்னு போடணும் பாய். சம்பளத்துக்கு வேலை பாக்குறவன்னு."

அவர் முகம் மாறிவிட்டது. "ஆறு வருசமா ஊரு பூராவும் பார்ட்னருன்னு சொல்லீருக்கேன். இப்ப என் கையாலயே உன்னைய வேலக்காரன்னு எழுதித் தரணுமா? என்னைய என்ன நெனச்ச மாப்ள?"

"அங்க அப்பிடித்தான் கேக்குறாங்க."

"அவன் கேப்பான். ஒனக்கு இஜ்ஜத் இருக்குல்ல."

இஜ்ஜத் என்றால் மானம், மரியாதை. அது எனக்கு இருந்திருந்தால் பெண் பார்க்கப் போன அன்றே சொல்லியிருப்பேனே. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டதற்கு, "நீ எப்ப வந்த எப்ப போனன்னு நான் என்னைக்காச்சும் பாத்துருக்கனா?" என்றார். சம்பளக் கட்டத்தைப் பார்த்து, "வீட்டுப் புள்ளைக்குக் குடுக்குறதயெல்லாம் ஊருக்கு எழுதிக் காட்டுவாங்களா?" என்றார். ஒவ்வொரு கேள்விக்கும் பாசம்தான் பதிலாக வந்தது. பாசத்தை எந்தக் கட்டத்திலும் நிரப்ப முடியாது. பார்ட்னர் என்றே விட்டுவிடலாம் என்றால், பத்திரம் எங்கே, வரி கட்டிய தாள் எங்கே என்பார்கள். அது எங்கேயும் இல்லை.

நாள் போய்க்கொண்டிருந்தது. நான் தினமும் காலையில் போய்ச் சுத்திச்சுத்தி நிற்பேன். பாய் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, பேச்சை மாற்றி, ஒரு கடைவாய்ப் பல்லைக் கையில் திணித்துவிடுவார். கல்யாண மாசம் வேறு. மணப்பெண்ணின் அம்மாமார்கள் எல்லோருக்கும் போட்டோவுக்கு முன்னால் பல் வேண்டும். வேலை செய்ததற்கு ஆதாரம் கேட்டு அலைந்தவனுக்கு வேலை செய்தே நாள் ஓடியது.

முப்பத்தைந்தாவது நாள் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் நாற்காலியில்.

"மாப்ள, நான் யோசிச்சுப் பாத்தேன். நான் சொன்னது பொய்யின்னுதான ஒனக்குச் சங்கடம். அத மெய்யாக்கிருவோம். நாளைக்கே பத்திரம் போடுறேன். நெசமாவே பார்ட்னரு. கால்பங்கு."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆறு வருஷமாகச் சட்டைப் பையில் சும்மா குத்திக்கொண்டு திரிந்ததை ஒருவர் நிஜமாகவே தட்டில் வைத்து நீட்டுகிறார். ஆனால் இன்றைக்குப் போடுகிற பத்திரம் இன்றையிலிருந்துதான் பேசும். போன ஆறு வருஷத்தில் நான் யார் என்று அது சொல்லாது.

"வேணாம் பாய்" என்றேன். "எனக்கு டெக்னீசியன்னே போதும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே கோரிப்பாளையம் சிக்னலில் ஹாரன் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு, "போறவனுக்கு எதுக்குப் பங்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் மனைவி அடித்துவைத்திருந்த கடிதத்தை வாங்கினார். பதவி: டெண்டல் டெக்னீசியன். வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம். எடுத்த வேலைகள் வரிசையாக. சம்பளம். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். முத்திரையை மட்டும் ஓங்கிக் குத்தினார்.

பாதி முடிந்தது. மீதி மாமா. கல்யாணச் சான்றிதழில் ஏன் பார்ட்னர் என்று இருக்கிறது என்று நான் ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். தொழிலைச் சொன்னவர் அவர் என்பதால், தவறுதலாகச் சொல்லிவிட்டேன் என்று அவரும் நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் நல்லது. நாற்பது வருஷம் அடுத்தவர் தப்பைத் திருத்தியவரிடம் போய், நீங்கள் சொன்னது தப்பு என்று எழுதிக் கொடுங்கள் எனக் கேட்க வேண்டும்.

எனக்கு வாய் வராது என்பது எனக்கே தெரியும். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். கடிதமே பேசட்டும் என்று, பாய் கையெழுத்துப் போட்ட அசலை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாங்கள் இருவரும் ஒத்தக்கடைக்குப் போனோம். "இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாருங்க மாமா" என்று நீட்டிவிட்டு, கை கழுவுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன். படித்து முடித்து, அதிர்ச்சி அடங்கி, அவர் ஒரு நிதானத்துக்கு வருகிறவரை கை கழுவினேன். இரண்டு தடவை சோப்புப் போட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் சிவப்புப் பேனா இருந்தது.

"மாப்பிள்ளை, நல்லா எழுதியிருக்காங்க. ஒரே ஒரு பிழை. ரெண்டு இடத்துல வந்திருந்துச்சு, திருத்திட்டேன்."

டெக்னீசியன் என்பதை அடித்துவிட்டு மேலே அழகான சாய்வெழுத்தில் பார்ட்னர் என்று எழுதியிருந்தார். வேலையில் அமர்த்தப்பட்டார் என்பதையும் அடித்திருந்தார். ஓரத்தில், கவனக்குறைவு என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வேறு. பாய் மனசு ஒடிந்து போட்ட ஒரே கையெழுத்துக்கு மேலே சிவப்பு மை இன்னும் காயாமல் மின்னியது.

என் மனைவி என்னைப் பார்த்தாள். எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். என் கையில் சோப்பு வாசனை.

"மாமா," என்றேன், "அது பிழை இல்ல."

"இல்லையே. நீங்க பார்ட்னர்தானே?"

"இல்ல மாமா."

"இப்ப இல்லையா?"

"எப்பவுமே இல்ல."

அவர் பேனாவுக்கு மூடி போட்டார். அது சரியாக மாட்டவில்லை, மறுபடி போட்டார். "பத்திரிகைல போட்டோமே" என்றார். ஆமா மாமா என்றேன். "கார்டு கொடுத்தீங்களே." ஆமா மாமா. "பதிவேட்டுல நான் சொல்லும்போது பக்கத்துலதானே நின்னீங்க." நான் செய்து கொடுத்த பல்லால் என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் மகளிடம் திரும்பி, "ஒனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். பிரமாணப் பத்திரத்தைப் பற்றி அவளே சொன்னாள். "போய்ட்டு வாங்க" என்றார். பத்திரத்துக்குப் பதில் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. மேலூர் ரோட்டில் வேளாண்மைக் கல்லூரி தாண்டியதும், "கை நல்லாச் சுத்தமாயிருச்சா?" என்றாள்.

மறுநாள் சிவப்பு மை பட்ட கடிதத்தையும் புதிதாக அடித்த ஒன்றையும் பாயிடம் கொண்டுபோனேன். பங்கு வேண்டாம் என்ற நாளிலிருந்து அவர் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசியதில்லை. கடிதத்தைப் பார்த்தார், திருத்தத்தைப் பார்த்தார், யார் செய்தது என்று கேட்டார். சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"வாத்தியாரு உன்னைய மறுபடி பார்ட்னராக்கிட்டாரே மாப்ள. நான் ஒருத்தன் சொன்னாப் பொய்யி. இப்ப ரெண்டு பேரு சொல்றோம்."

"கிண்டல் பண்ணாதீங்க பாய். இன்னும் பதினாறு நாள்தான் இருக்கு."

"குடு குடு, போட்டுத் தாரேன்." இந்தத் தடவை படித்துவிட்டுப் போட்டார். "எம்புட்டு வேலை பாத்துருக்க" என்றார், வேலைப் பட்டியலைப் பார்த்து, யாரோ புது ஆளைப் பற்றிப் படித்ததுபோல.

கடிதத்தோடு சேர்க்க வேறு ஆதாரமும் இருந்தால் நல்லது என்று பழைய ஆர்டர் சீட்டுகளைத் தேடினேன். ஒவ்வொரு பல்லுக்கும் டாக்டர் ஒரு சீட்டு அனுப்புவார். எந்தப் பல், என்ன நிறம், ஏதாவது குறிப்பு. கீழே யார் செய்தது என்ற இடத்தில் நாங்கள் இனிஷியல் போடுவோம். பரணில் மூட்டை மூட்டையாக இருந்தது. பாதியைப் பூச்சி தின்றிருந்தது. பல் சீட்டுகளைக்கூடக் கடித்துத் தின்ன அதற்குப் பல் இருக்கிறது. என் இனிஷியல் இருந்த சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தபோது ஒன்று கையில் வந்தது. மேல் முன்பல் நாலு. நோயாளியின் பெயர் மாமா. தேதி நான் பெண் பார்க்கப் போனதற்கு முந்தைய வருஷம். குறிப்பில் டாக்டர் எழுதியிருந்தார்: நோயாளி ஆங்கில ஆசிரியர், எஃப், வி உச்சரிப்பு கெடக்கூடாது, பல் நுனியைக் கவனிக்கவும். கீழே என் இனிஷியல்.

அந்த வேலை எனக்கு நினைவிருந்தது. எஃப் என்று சொல்லும்போது மேல்பல் நுனி கீழுதட்டைத் தொட வேண்டும். கொஞ்சம் நீளம் கூடினால் உதடு நெரியும், குறைந்தால் காற்றுதான் வரும். இரண்டு நாள் அந்த நாலு நுனியையே தேய்த்துக்கொண்டிருந்தேன். லேப் கண்ணாடி முன்னால் நின்று எஃப், வி என்று நானே சொல்லிப் பார்த்ததை பாய் ஒரு வாரம் எல்லோரிடமும் நடித்துக் காட்டினார்.

சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடி ஒத்தக்கடை போனேன். இந்தத் தடவை கை கழுவப் போகவில்லை. மாமா வாசல் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாங்க என்றார், அவ்வளவுதான். சீட்டைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து படித்தார்.

"டாக்டர் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு" என்றார் முதலில். பிறகு, "இந்த நுனியக் கவனிக்கச் சொல்லியிருக்காரே, அத யாரு பாத்தது?"

"நான்தான் மாமா."

"பார்ட்னரா?"

"டெக்னீசியன்."

அவர் நாக்கால் மேல்பல்லை ஒரு தடவை தடவினார். தன்னையறியாமல் செய்திருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை மூடினார்.

"அந்தப் பல்லு வச்ச ஞாயித்துக்கிழம எனக்கு இங்கிலீஷ் ஆராதனைல வேதவாசிப்பு," என்றார். "ரிட்டயர் ஆகி ரெண்டு வருசமா பல்லில்லாம வாசிக்க வெக்கப்பட்டு, வேற ஆளக் கைகாட்டிக்கிட்டிருந்தேன். அன்னைக்கு ஃபெயித், ஃபாதர், எல்லாம் சுத்தமா வந்துச்சு. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. வீட்டுக்கு வந்து ஜெபத்துல, இதச் செஞ்சவன் யாரோ, அவன ஆசீர்வதியும்னு ஒரு வரி சேத்துக்கிட்டேன்." சீட்டைத் திருப்பிக் கொடுத்து, "பார்ட்னருக்குச் சொல்லல" என்றார்.

அந்த ஜெபத்துக்குப் பலனாக அவர் மகளே எனக்குக் கிடைத்தாள் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து அத்தை டம்ளரோடு வந்ததால் தப்பித்தேன்.

பிரமாணப் பத்திரத்தை மாமாவே எழுதினார். கோர்ட் வாசலில் டைப் அடிப்பவருக்கு அதில் மூன்று திருத்தம் சொன்னார், நோட்டரிக்கு ஒரு திருத்தம். மாப்பிள்ளையின் தொழிலைத் தாம் மிகையாகக் கூறிவிட்டதாகவும், அது தம் தவறு என்றும், அவர் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த தொழில்நுட்பர் என்றும் எழுதியிருந்தார். என் பங்குக்குச் சும்மா நின்றதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை நானே என் விளக்கக் கடிதத்தில் எழுதினேன். மாலை அரித்ததை மட்டும் விட்டுவிட்டேன். கையெழுத்துப் போடும்போது மாமா சிவப்புப் பேனாவை எடுக்க, நோட்டரி நீலப் பேனாவை நீட்டினார். அவர் திருத்திய நோட்டுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு தடவை அவரை இன்னொருவர் திருத்தினார்.

ஐம்பத்தாறாவது நாள் எல்லாவற்றையும் அனுப்பினோம். மனைவி அனுப்பு பொத்தானை என்னை அழுத்தச் சொல்லவில்லை. நான் கை கழுவப் போய்விடுவேன் என்று பயமாம்.

இதெல்லாம் நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. தினமும் காலையில் பார்க்கிறேன், பரிசீலனையில் என்றே இருக்கிறது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது நான் என்று யாரோ ஒருவர் அங்கே பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அடுத்த பிறந்தநாளும் வந்து போய்விட்டது. மார்க் இனிமேல் குறையாதாம், அழைப்பு வந்த அன்றே வயது நின்றுவிட்டதாம். அதனால் கேக் வாங்கினாள்.

போன வாரம் லேபில் ஒரு மேல்தாடைக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தேன். பாய்க்குப் போன் வந்தது. யாரோ புது டாக்டர், ஏதோ பல் உட்காரவில்லை. குரல் எனக்கே கேட்டது. பாய் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"கவலப்படாதீங்க டாக்டர். இங்க நம்ம டெக்னீசியன் இருக்காரு. அவர்ட்டக் குடுக்குறேன்."

அந்த வார்த்தையைக் கேட்கத்தான் முப்பத்தைந்து நாள் அவர் பின்னால் அலைந்தேன். மாமாவின் தலையைக் குனிய வைத்தேன். கால்பங்கை வேண்டாம் என்றேன். ஆனாலும் சுருக்கென்று எங்கேயோ குத்தியது. எங்கே என்று கேட்டால், சட்டைப் பை இருக்கிற இடம்.

கையிலிருந்த மெழுகைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினேன். டாக்டர் சத்தம் போட ஆரம்பித்தார். சார் என்றெல்லாம் சொல்லவில்லை.